பொறியியல் மாணவர்களுக்குத் தத்துவமும் இலக்கியமும்: எதை வைப்பது, எப்படி நடத்துவது?

கேட்டவர் இலக்கியத்தில் முனைவர் பட்டம் முடித்தவர். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் மனிதவியல் துறையில் வரும் பருவத்தில் சேருகிறார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அறுபது பேருக்கு, தத்துவமும் இலக்கியமும் கலந்த ஒரு விருப்பப் பாடத்தை அவரே வகுத்து நடத்த வேண்டுமாம். வாரம் மூன்று மணி நேரம். "இது எங்களுக்கு எதற்கு?" என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது, எந்த நூல்களை வைப்பது, எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டிருக்கிறார். பொறியியல் கல்லூரிகளில் இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு முதல் நாளே பதில் சொல்லாதீர்கள். அது உங்கள் பாடத்துக்கென்று பிறந்த கேள்வி இல்லை. ஃபூரியர் தொடரையும் அதே பையன்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். கணக்கு வாத்தியார் அதைக் காதில் வாங்காமல் அடுத்த கணக்குக்குப் போகிறார். நாம்தான் பதறிப்போய் விற்பனையில் இறங்கிவிடுகிறோம். விற்பனைக்கு இரண்டு வசனங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "இது நேர்முகத் தேர்வுக்கு உதவும், பேச்சுத்திறன் வளரும்." அப்படிச் சொன்னால், நேர்முகத் தேர்வுக்கு உதவாத பக்கம் வந்தவுடன் அவன் புத்தகத்தை மூடிவிடுவான்; அவன் செய்வதில் தவறும் இல்லை.

இரண்டாவது வசனம் இன்னும் மோசம்: "இயந்திரங்களோடு பழகும் உங்களை இது மனிதர்களாக்கும்." நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவையும் கல்விக் கடனையும் முதுகில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். துன்பம் என்றால் என்னவென்று அவனுக்கு ஒரு கவிதை வந்துதான் சொல்ல வேண்டுமா? பொறியியல் படிப்பவன் ஈரம் வற்றியவன், நாம் போய்த் தண்ணீர் தெளிக்கிறோம் என்ற எண்ணம் மனிதவியல் துறைகளில் ஊறிப்போனது. மாணவர்கள் அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு பருவம் முழுக்க உங்களுக்கு வருகைப் பதிவேடு மட்டும்தான் துணை.

இந்தப் பாடங்கள் பொறியியல் கல்விக்குள் தற்செயலாக நுழையவில்லை. 1945-இல் என்.ஆர். சர்க்கார் என்பவர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யை மனத்தில் வைத்து இந்தியாவில் உயர் தொழில்நுட்பக் கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. 1951-இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. வந்தது. எம்.ஐ.டி.யில் இன்றும் எந்தத் துறை மாணவரானாலும் மனிதவியல், கலை, சமூக அறிவியல் பாடங்கள் எட்டை முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது. நம் ஐ.ஐ.டி.க்களிலும் மனிதவியல் துறைகள் உண்டு, சென்னை ஐ.ஐ.டி. 2006-இல் ஐந்தாண்டு எம்.ஏ. படிப்பையே தொடங்கியது. அங்கிருந்து மற்ற கல்லூரிகளுக்கு வந்து சேர்வதற்குள் சரக்கு இளைத்துவிடுகிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் 160 கிரெடிட்டுக்கு 12 மனிதவியலுக்கு. அந்த 12-க்குள்ளேயே மேலாண்மையும் அடக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் வந்த 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' ஆகியவை தலைக்கு ஒரு கிரெடிட். எஞ்சியவை பெரும்பாலும் ஆங்கிலப் பயிற்சியாகவோ தொழில்நெறிப் பாடமாகவோ முடிந்துவிடுகின்றன. உங்களுக்குக் கிடைத்திருப்பது போல ஒரு முழுப் பாடம் அரிது. அதை வீணாக்காமலிருக்க நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சாரத்தைக் கற்பிக்காதீர்கள், மூலத்தைக் கையில் கொடுங்கள். 'பிளேட்டோவின் கொள்கைகள்', 'காந்தின் அறவியல்', 'சங்க இலக்கியத்தில் இயற்கை' என்று யூனிட் பிரித்த கணமே அது இரண்டு மதிப்பெண் வினாவாகவும் பதின்மூன்று மதிப்பெண் வினாவாகவும் உருமாறிவிடும். மாணவர்கள் அந்த வித்தையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பிளஸ் டூ முழுக்க அதைத்தானே செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான்கு பக்கம், ஆறு பக்கம் போதும். ஆனால் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் ஏதோ ஒரு காரணத்துக்காகச் சொன்ன, எழுதிய நான்கு பக்கமாக அது இருக்க வேண்டும்.

தத்துவத்துக்கு நான் எப்போதும் முதலில் வைப்பது பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில், சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் கணக்குக் கேட்கும் பகுதி. பக்கம் இரண்டடி உள்ள சதுரம். பரப்பு நான்கு. இதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு? சிறுவன் நான்கடி என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு பதினாறு. மூன்றடி என்கிறான், ஒன்பது வருகிறது. பிறகு "எனக்குத் தெரியவில்லை" என்கிறான். சாக்ரடீஸ் மூலைவிட்டத்தை வரைகிறார். அதன்மேல் எழும் சதுரத்தின் பரப்பு எட்டு என்பதைச் சிறுவனே எண்ணிச் சொல்கிறான்.

வகுப்பில் இதைப் படித்தால் பாதிப் பேர் அரை நிமிடத்தில் "ரூட் எட்டு" என்று சொல்லிவிட்டு, இவ்வளவுதானா என்று பார்ப்பார்கள். அந்த அலட்சியம் நல்லது, அங்கேதான் பிடிக்க வேண்டும். சிறுவன் இரண்டாம் முறை தவறியபோது சாக்ரடீஸ் சொல்வதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்: எண்ணிச் சொல்ல விருப்பமில்லாவிட்டால், எந்தக் கோடு என்று காட்டு. ஏன் அப்படிச் சொன்னார்? அந்த நீளத்தை எந்த முழு எண்ணாலும், எந்தப் பின்னத்தாலும் சொல்லவே முடியாது, காட்டத்தான் முடியும். "ரூட் எட்டு" என்று நீங்கள் சொன்னது விடையா, விடைக்கு வைத்த பெயரா? இந்த இடத்தில் வகுப்பு முதன்முறையாக அமைதியாகும். கால்குலேட்டரில் 2.828 என்று காட்டும் மாணவன் எப்படியும் ஒருவன் இருப்பான். அதைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எட்டு வராது.

அடுத்து, கற்றல் என்பதே ஆன்மா ஏற்கெனவே அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்று சாக்ரடீஸ் இதிலிருந்து முடிவுகட்டுகிறார். இதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "சார், அவர் கேள்வியிலேயே விடையைக் கொடுத்துவிடுகிறார், பையன் தலையை ஆட்டுகிறான், அவ்வளவுதான்." அறிஞர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஆட்சேபம் அது, ஒரு நாமக்கல் பையன் தானாகவே அங்கே வந்துவிட்டான் என்பதை அவனிடம் சொல்லுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். நான்கடி தவறு, மூன்றடி தவறு என்று சிறுவன் ஏற்றுக்கொண்டதும் தலையாட்டல்தானா? தவறைத் தவறு என்று அவனுக்கு உணர்த்தியது எது? பயிற்சி மையத்தில் ஓராண்டு கணக்குப் போட்டீர்களே, அங்கே நீங்கள் கற்றீர்களா, தலையாட்டினீர்களா, வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வகுப்புகள் இதிலேயே ஓடும். ஓடட்டும், பாடத்திட்டத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அறிவுக்கும் சரியான அபிப்பிராயத்துக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியைப் பிளேட்டோ அதே உரையாடலில் பிறகு எழுப்புகிறார். அங்கே வரும்போது அவர்கள் ஏற்கெனவே அதற்குள் நின்றுகொண்டிருப்பார்கள்.

தத்துவம் என்றால் கிரேக்கம்தானா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. மணிமேகலையின் 29-ஆவது காதையை எடுங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். இம்மலை நெருப்புடையது, ஏனெனில் புகையுடையது, அடுக்களையைப் போல. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அதன் பின் போலிகளின் பட்டியல் நீளுகிறது: எந்தெந்த விதத்தில் ஒரு வாதம் சரியானது போலத் தோன்றியும் பிழையாக இருக்கலாம் என்று. இலக்கிய வாசகர்கள் பலர் வறண்டது என்று தாண்டிப்போகும் பகுதி இது. மின்னணுவியல் மாணவர்களுக்கு இதுவே விருந்து. விடுதிச் சமையலறையில் வைத்த புகை உணரி, தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது. அது எந்த வகைப் போலி? புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருந்தால், நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருக்குமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. உரையோடு கூடிய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், மூலம் கடினம். "அந்தக் காலத்திலேயே தமிழனுக்கு சென்சார் தெரியும்" என்று யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அது பிரதியைப் படிக்காமலிருக்கக் கண்டுபிடித்த குறுக்குவழி.

திருக்குறளிலும் இதே ஆபத்து உண்டு. குறளில் மேலாண்மை, குறளில் தலைமைப் பண்பு என்று கருத்தரங்கம் கருத்தரங்கமாக அதைச் சக்கையாகப் பிழிந்தாகிவிட்டது. இருந்தும் ஒரு குறளை நான் விடுவதில்லை.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்."

மயிலிறகுதான் பாரம், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இயந்திரவியல் மாணவர்கள் பாதுகாப்புக் காரணி, பளு, வளைவு என்று ஆரம்பித்துவிடுவார்கள். போகவிடுங்கள், ஒரு மயிலிறகின் எடையை மதிப்பிட்டு, எத்தனை இறகில் மரஅச்சு முறியும் என்று கணக்குக்கூடப் போடட்டும். பிறகு கேளுங்கள்: இது வண்டியைப் பற்றிய குறளா? அதிகாரம் வலியறிதல். பேச்சு அரசனிடம். பரிமேலழகர் உரையைக் கொடுங்கள்: எளியர்தானே என்று பலரோடு பகை கொள்பவன், தான் வலியனே ஆனாலும், அவர்கள் ஒன்றுசேரும்போது வலிமை இழப்பான் என்ற பொருள் தோன்ற நிற்பதால் இது பிறிது மொழிதல் என்னும் அணி. சொன்னது வண்டி, சொல்ல வந்தது பகை. இந்த இடைவெளிதான் இலக்கியம் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை, அவர்கள் அதில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

அடுத்த கேள்வி: எந்த இறகில் அச்சு முறிந்தது? கடைசி இறகில் என்பான் ஒருவன். அப்படியென்றால் அந்த ஓர் இறகை எடுத்துவிட்டால் வண்டி பத்திரமா? முந்தின இறகைப் போட்டவன் குற்றமற்றவனா? ஒவ்வொரு மணலாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணலோடு குவியல் குவியலாக இல்லாமல் போகிறது என்று கிரேக்கர்கள் கேட்ட பழைய புதிர் இது. யூபுலிடிஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதியின் பெயரால் வழங்கும் அதே புதிர் இங்கே கட்டை வண்டியில் வந்து நிற்கிறது.

இதற்குப் பிறகு சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தின் விபத்தை எடுங்கள். தொழில்நெறிப் பாடப்புத்தகங்களில் போபாலும் சேலஞ்சரும் கட்டாயம் இருக்கும். மாணவர்கள் தேதியை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். 1986 ஜனவரி 28, புறப்பட்ட 73-ஆம் நொடி, ஏழு பேர். ஆனால் அந்த ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அந்த அரிப்பு 'ஏற்கத்தக்கது' ஆனது. 1985 ஜனவரியில், வளையங்கள் சுமார் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தபோது நடந்த பயணத்தில் சேதம் அதுவரை இல்லாத அளவுக்கு இருந்தது. 1985 ஜூலை 31 அன்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி தன் மேலிடத்துக்கு, உயிரிழப்பு நேரக்கூடும் என்று வெளிப்படையாகவே குறிப்பு எழுதினார். விபத்துக்கு முந்தின இரவு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. அந்தக் குளிரில் ஏவக்கூடாது என்றுதான் பொறியாளர்கள் முதலில் பரிந்துரைத்தார்கள். இடையில் நிறுவனத்தார் தனியே கூடிப் பேசியபோது, பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேலதிகாரி ஒருவர். பரிந்துரை தலைகீழானது. விசாரணைக் குழுவின் அறிக்கையில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சில பக்கங்களை நகலெடுத்துக் கொடுங்கள். மாணவர்கள் தாமாகவே மயிலிறகுக்குத் திரும்புவார்கள். இங்கே எந்த இறகு? யார் போட்டது? குறளை உவமையாக நீங்கள் கொண்டுவந்து ஒட்டினால் அது மேடைப் பேச்சு, அவர்கள் கொண்டுவந்தால் வாசிப்பு.

நிறுவன ஆவணங்களை இலக்கியம் போலவே படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஃபோர்டு பின்டோ கார் வழக்கு. தொழில்நெறி வகுப்புகளில் சொல்லப்படும் கதை இது: அந்தக் காரின் எரிபொருள் தொட்டி பின்னால் இருந்தது, பின்னிருந்து மோதினால் தீப்பற்றியது, காருக்கு 11 டாலர் செலவு செய்தால் சரிசெய்திருக்கலாம், ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்று விலை போட்டு, மனிதர்கள் எரிந்து சாவதே மலிவு என்று ஃபோர்டு கணக்குப் போட்டது. ஆதாரமாக 1973-ஆம் ஆண்டின் உள்குறிப்பு ஒன்று காட்டப்படும். 1977-இல் ஒரு பத்திரிகை அதை வெளியிட்டபோது அமெரிக்கா கொதித்தது.

கதையைச் சொல்லாமல், அட்டவணையை மட்டும் கொடுங்கள். 180 சாவு, 180 கடும் தீக்காயம், 2,100 எரிந்த வண்டிகள். உயிருக்கு 2,00,000 டாலர், காயத்துக்கு 67,000, வண்டிக்கு 700. மொத்தம் 4.95 கோடி டாலர். மறுபக்கம்: 1.1 கோடி கார்கள், 15 லட்சம் இலகுரக டிரக்குகள், தலைக்கு 11 டாலர், மொத்தம் 13.7 கோடி. கொடூரம் என்று வகுப்பு ஒருமித்துத் தீர்ப்பு எழுதும். அப்போது ஒரு தகவலைப் போடுங்கள்: பின்டோ அதன் ஆயுள் முழுக்கச் சுமார் முப்பது லட்சம்தான் தயாரானது. அப்படியானால் ஒன்றேகால் கோடி வண்டி எங்கிருந்து வந்தது? பின்டோவில் டிரக் ஏது?

எண்ணோடு பழகியவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குறிப்பு பின்டோவைப் பற்றியதே அல்ல. அமெரிக்காவில் விற்கும் எல்லா நிறுவனங்களின் வண்டிகளுக்குமான ஒரு விதியைப் பற்றி, வண்டி கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றி, அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் வாதாட எழுதப்பட்டது. உயிருக்கு 2 லட்சம் என்ற தொகையும் அந்த அரசு அமைப்பே கணித்து வைத்திருந்தது. இதனால் ஃபோர்டு உத்தமனாகிவிடவில்லை. தொட்டி இருந்த இடம் ஆபத்தானதுதான், 1978-இல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஆனால் ஓர் ஆவணத்தை யார், யாருக்கு, எதற்காக எழுதினார்கள் என்று பார்க்காமல் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. இந்தக் கதையைத் தப்பாகவே சொல்லிக்கொடுக்கும் தொழில்நெறிப் பாடப்புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவையுங்கள், மாணவர்களுக்கு அதில் ஒரு குஷி.

இனிமேல்தான் தத்துவம். உயிருக்கு விலை வைப்பது தவறா? தவறு என்பவர்களிடம், ரயில்வே கிராசிங்குகளில் எதற்கு முதலில் மேம்பாலம் கட்டுவது என்று கேளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. சரி என்பவர்களிடம் நம்மூர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைச் சொல்லுங்கள். இறந்தவரின் ஆண்டு வருமானம், அதில் சொந்தச் செலவுக்குக் கழிவு, வயதுக்கேற்ற பெருக்குக் காரணி. இந்த முறையை உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் சீர்செய்து அட்டவணையாகவே கொடுத்தது. ஒரே பஸ், ஒரே விபத்து, ஒரே வயது. மென்பொருள் ஊழியரின் குடும்பத்துக்கு ஒரு தொகை, சித்தாளின் குடும்பத்துக்கு வேறு தொகை. வகுப்பில் யாராவது ஒருவருடைய உறவினர் அந்தத் தீர்ப்பாயத்தின் படியேறியிருப்பார். பேச விரும்பினால் பேசட்டும், வற்புறுத்தாதீர்கள். இழப்பீடு வேறு, மதிப்பு வேறு என்று யாராவது பிரித்துக் காட்டுவார்கள். அப்படிப் பிரிக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்பார். அதிகம் பேருக்கு அதிக நன்மையே அறம் என்ற மில்லையும், மனிதனை வெறும் கருவியாக்கக் கூடாது என்ற காந்தையும் இந்தச் சண்டை சூடுபிடித்த பிறகு கொண்டுவாருங்கள். அதற்கு முன்பே கொண்டுவந்தால் இரண்டு வரையறைகளாகத்தான் நோட்டில் ஏறுவார்கள்.

இலக்கியத்துக்கு வருவோம். சிறுகதைகள் நிறைய வைக்கலாம், அது பெரிய சிக்கலில்லை. உங்கள் ரசனையே போதும். ஆனால் ஒரு நாவலையாவது முழுதாகப் படிக்க வையுங்கள். என் தேர்வு சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. வெளிநாட்டிலிருந்து திரும்பும் சிதம்பரம் ஒரு கரும்பாலை கட்ட விரும்பி, ஒரு வனத்தை வாங்குகிறான். அதை அழிக்க வேண்டும். நாவலின் பெரும்பகுதி அந்த அழிப்பு வேலைதான்: எங்கே தொடங்குவது, எத்தனை ஆள், எந்தக் கருவி, கொடியை முதலில் வெட்டுவதா மரத்தையா, கடைசியில் தீ. இலக்கிய மாணவர்களுக்கு இதை நடத்தினால் முதல் பக்கத்திலேயே சூழலியல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பொறியியல் மாணவர்கள் அப்படி இல்லை. அவர்கள் சிதம்பரத்தின் பக்கம். வேலை எப்படி முடியப்போகிறது என்ற பதற்றத்தோடு படிப்பார்கள். தீ வைப்பது சரியான உத்தியா என்று விவாதிப்பார்கள். அதைக் குலைக்காதீர்கள். அந்த நாவல் வாசகனைச் சிதம்பரத்தின் தோளில் ஏற்றிக்கொண்டுதான் போகிறது. வில்லன் கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஊருக்குப் புளி இனி எங்கிருந்து வரும் என்ற கேள்வி முளைக்கும் இடத்தில் வாசகன் தானும் அந்த வேலையில் கூட்டாளி என்று உணர்கிறான். இந்த நாவலை இந்த வயதில் சரியாகப் படிக்கக்கூடியவர்கள் பொறியியல் மாணவர்கள்தாம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. வேலையின் ருசி தெரிந்தவனுக்குத்தான் அது சுடும்.

சங்கப் பாடல் வேண்டுமென்றால், கட்டடவியல் மாணவர்கள் அதிகமுள்ள வகுப்பில் புறநானூற்றின் 18-ஆம் பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்வது. மறுமைச் செல்வம் வேண்டுமா, பிற அரசர்களை வென்று தனியரசனாக வேண்டுமா, நிலைத்த புகழ் வேண்டுமா என்று மூன்று ஆசைகளையும் முதலில் அடுக்குகிறார். மூன்றுக்கும் ஒரே வழி, நிலம் பள்ளமான இடத்தில் நீரைத் தேக்கு என்கிறார். 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற வரி எல்லாருக்கும் தெரியும், அது ஒரு திட்ட முன்மொழிவின் நடுவே வருகிறது என்பது தெரியாது. அரசனின் ஆசைகளில் தொடங்கி மக்களின் சோறு வழியாக நீர்த்தேக்கத்தில் முடிக்கும் அந்த வாதத்தின் வரிசையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டில் என்ன இல்லை என்றும் கேளுங்கள்: செலவு இல்லை, எவருடைய நிலம் மூழ்கும் என்பது இல்லை.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் வகுப்பறையில் முதலில் தலைதூக்கும் பிரச்சினை. பயிற்று மொழி ஆங்கிலம் என்று ஏட்டில் இருக்கும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. ஆனாலும் பெரும்பாலான கல்லூரிகளில், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலவழி வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் பின் முதல் பெஞ்சு முதல் கடைசி பெஞ்சு வரை அவர்களைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பேசு என்று நீங்கள் சொன்னால், ஆங்கிலம் சரளமாக வரும் பத்துப் பேர் மட்டும் தத்துவவாதிகளாவார்கள். பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம், எழுத்து இரண்டில் எதிலும் இருக்கலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். துறைத்தலைவர் ஆட்சேபித்தால், எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு வகுப்பையாவது காப்பாற்றுங்கள்.

மதிப்பீடு. வீட்டில் எழுதிவரும் கட்டுரைக்கு இனி மதிப்பெண் வைக்காதீர்கள். சாட்ஜிபிடி எழுதிய அறுபது கட்டுரைகளைத் திருத்துவது போன்ற அலுப்பு வேறில்லை. எல்லாமே வழவழவென்று, எதையும் சொல்லாமல், ஒரே முடிவுரையோடு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று போலீஸ் வேலை பார்க்கவும் வேண்டாம். பொறியியல் கல்வியில் அருமையான ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: லேப் ரெக்கார்டும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், கையால், அன்றைய பிரதியிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்து, அது ஏன் அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு பத்தி. அதுதான் ரெக்கார்டு. பருவக் கடைசியில் ஆளுக்கு ஐந்து நிமிட வைவா, அவர்கள் எழுதிய பத்தியிலிருந்தே கேள்வி. "இந்தப் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறாய். மூன்று வாரம் கழித்து எழுதியதில் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறாய். எது உன் கருத்து?" திருதிருவென்று விழிப்பவர்கள் உண்டு. "இரண்டும்தான் சார், நடுவில் பின்டோ வந்தது" என்று சொன்ன மாணவிக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

பல்கலைக்கழகத் தேர்வு உண்டென்றால் வினாத்தாளை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது, அகமதிப்பீட்டைக் கட்டுப்படுத்தலாம். அதில் பிரதி பார்த்து எழுதும் தேர்வாக வையுங்கள், முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து. மதிய உணவுக்குப் பின் வரும் மணி நேரம் உங்கள் தலையில் விழாமலிருக்கக் கால அட்டவணை போடுபவரை இப்போதே பார்த்துப் பேசிவிடுங்கள். முதல் பருவத்தில் ஐந்து பிரதிகளுக்கு மேல் வைக்காதீர்கள். நகல் எடுக்கும் செலவுக்குத் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு தாள் கையில் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கைப்பேசித் திரையில் ஆறு பக்கத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.